நூல் மாற்றினால் மெஷின் முரண்டு பிடிக்கிறதா? க்வில்ட் தையலில் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஜாக்கெட்டோ தலையணை உறையோ தைக்கும்போது எந்த நூலைப் போட்டாலும் மெஷின் பெரிதாகக் குறை சொல்லாது. அதே மெஷினில் க்வில்ட்டுக்காக மேல்துணி, பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு), அடித்துணி என்று மூன்று அடுக்கை வைத்து, துணியை நகர்த்தும் ஃபீட் பற்களை இறக்கிவிட்டுக் கையால் நகர்த்தித் தைக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு நூலும் தன் குணத்தைக் காட்டும். காட்டனில் அழகாக ஓடிய தையல், பளபளப்பான எம்பிராய்டரி பாலியஸ்டரை மாட்டியதும் அடியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஜரிகை நூலோ ஒரு பூ முடிவதற்குள் அறுந்து நிற்கும். உடனே "நூல் மட்டம்" என்று சொல்லிக் கண்டை டப்பாவில் போட்டுவிடுகிறோம். நூல் உண்மையிலேயே மட்டமாக இருப்பது குறைவு. அந்த நூலுக்குப் பொருந்தாத ஊசியோ, கண்டிலிருந்து நூல் வரும் விதமோதான் பெரும்பாலும் காரணம். டென்ஷன், அதாவது நூலை மெஷின் பிடிக்கும் இறுக்கம், கடைசியில் தொட வேண்டிய விஷயம். நம்மில் பலர் முதலில் தொடுவதே அதைத்தான்.

கீழே உள்ள எந்த அறிகுறிக்கும் வரிசை ஒன்றுதான்: துணியை அழுத்தும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்து மேல் நூலை முதலிலிருந்து மறுபடி கோர்ப்பது, புது ஊசி, கண்டு நிற்கும் விதம், கையின் வேகம், மேல் டென்ஷன், எல்லாம் முடிந்த பிறகு பாபின் கேஸ் (அடி நூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு). ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த கண்டுக்கு மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

சோதனையை க்வில்ட் மேலேயே செய்ய வேண்டாம். அதே துணி, அதே பேட்டிங்கில் ஒரு அடிக்கு ஒரு அடி மாதிரித் துண்டு ஒன்று தயார் செய்துகொள்ளுங்கள். வேறு பேட்டிங்கில் பார்த்த டென்ஷன் இதற்கு உதவாது. நேர்கோடு கொஞ்சம், வளைவு கொஞ்சம், கூர்முனை கொஞ்சம் தைத்துப் பக்கத்திலேயே பேனாவால் நூல், ஊசி, டென்ஷன் எண் மூன்றையும் எழுதி வையுங்கள். மேலே ஒரு நிறமும் பாபினில் வேறு நிறமும் போட்டால் கோளாறு ஒளிந்துகொள்ள முடியாது.

கண்டில் இருக்கும் எண்ணை நம்பலாமா?

பாதிதான். வெயிட் என்ற கணக்கில் 40 என்றால், 40 கிலோமீட்டர் நூல் 1 கிலோ எடை. எண் கூடக் கூட நூல் மெலியும். ஆனால் நம்மூர்த் தையல் சாமான் கடையில் கிடைக்கும் ஸ்பன் பாலியஸ்டர் கண்டில் 120 என்று இருக்கும். அது டிக்கெட் எண். செயற்கை நூல்களில் டிக்கெட் எண்ணை மூன்றால் வகுத்தால்தான் இந்தக் கணக்குக்கு வரும். அதாவது டிக்கெட் 120 என்பது ஏறக்குறைய 40 வெயிட். "120 போட்டிருக்கிறேன், மெல்லிசு" என்று நினைத்து 70 எண் ஊசியை மாட்டினால் நூல் இழை இழையாகப் பிரியத்தான் செய்யும்.

காட்டனில் வேறு குழப்பம். 50/2, 50/3 இரண்டையும் 50 என்றே சொல்வார்கள். முதலாவது இரண்டு புரி, அடுத்தது மூன்று புரி. ஒரே நீளத்துக்கு 50/3 ஒன்றரை மடங்கு எடை. ஒன்றுக்கு வைத்த டென்ஷனும் ஊசியும் இன்னொன்றுக்குச் சரியாக இருக்காது. டெக்ஸ் எண் அச்சிட்டிருந்தால் அதைப் பாருங்கள்: 1,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். காட்டன், பாலியஸ்டர் எதுவானாலும் ஒரே கணக்கு.

மேல் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது

இதில்தான் அதிக நேரம் வீணாகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். முதலில் அறுந்த முனையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பாதி விடை அங்கேயே இருக்கிறது.

முனை பஞ்சுபோலப் பிரிந்திருந்தால் நூல் எங்கேயோ உரசித் தேய்ந்திருக்கிறது. மெஷின் ஒவ்வொரு தையலுக்கும் பாபின் கேஸைச் சுற்றி வரும் அளவுக்கு நீளமாக நூலை உள்ளே இழுக்கிறது. தையலில் தங்குவது இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், மீதி திரும்ப மேலே போகிறது. ஆகவே நூலின் ஒரே இடம் துணிக்குள் தங்கும் முன் முப்பது நாற்பது தடவையாவது ஊசிக் காதுக்குள் போய் வந்திருக்கும். காது சிறியதாக இருந்தால் எவ்வளவு நல்ல நூலும் தாங்காது.

காது போதுமா என்று பார்க்க, மெஷினிலிருந்து ஊசியைக் கழற்றி, ஒரு முழம் நூலில் கோர்த்து, இரண்டு கையாலும் நூலைச் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்க வேண்டும். தயங்கி நின்றால் அடுத்த அளவு ஊசி. தோராயமாக, 60 வெயிட்டுக்கும் அதைவிட மெல்லிய நூலுக்கும் 70 அல்லது 75. 50/2 காட்டனுக்கு 80. 40 வெயிட்டுக்கு 90. 30 அல்லது 28 வெயிட் தடிப்பு நூலுக்கு 100. கடையில் 11, 14, 16 என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். அவை முறையே 75, 90, 100. டாப்ஸ்டிட்ச் ஊசி கிடைத்தால் வாங்கி வையுங்கள். அதே தடிமனில் காது நீளம், முன்பக்கப் பள்ளம் ஆழம். நூல்களை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களிடம் ஒரே ஒரு வகை ஊசிதான் இருக்கலாம் என்றால் நான் டாப்ஸ்டிட்ச் 90 என்றுதான் சொல்வேன்.

புது ஊசியிலும் பிரிகிறதென்றால் ஊசித் தட்டின் ஓட்டையைச் சந்தேகப்படுங்கள். கையால் வேகமாக இழுக்கும்போது ஊசி வளைந்து தட்டில் இடித்து ஒரு சிறு பிசிறு கிளம்பியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் பஞ்சை எடுத்து ஓட்டையின் விளிம்பிலும் பாபின் கேஸ் மேலும் தடவினால், பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். தட்டில் இருந்தால் மிக நைசான உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். அடியில் மேல் நூலைப் பிடிக்கும் ஷட்டிலின் கூர்முனையில் இருந்தால் கை வைக்காமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

முனை வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தால் நூல் எங்கேயோ சட்டென்று பிடிபட்டு அறுந்திருக்கிறது. கண்டின் ஓரத்தில் நூல் செருக ஒரு வெட்டு இருக்கும். அதில் மாட்டுவது சகஜம். அந்தப் பக்கத்தைத் திருப்பி வையுங்கள். காட்டன் என்றால் வயதையும் பாருங்கள். ஒரு முழத்தைக் கையில் பிடித்து இழுத்தால் நல்ல நூல் கொஞ்சமாவது எதிர்க்கும்; பழசு பட்டென்று போய்விடும். ஜன்னலோரம் வெயில் படும்படி அடுக்கி வைத்த கண்டுகள் பார்க்க அழகு, ஆனால் நிறமும் போகும், வலுவும் போகும். பழைய மரக்கண்டு நூல்களைத் தூக்கிப் போட மனம் வராது. டாக்கா (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட வைத்துக்கொள்ளுங்கள்.

முனை சுருண்டிருந்தால் அது பாலியஸ்டர். அளவுக்கு மீறி இழுபட்டு அறுந்தது. இங்கேதான் மேல் டென்ஷனைக் குறைக்க வேண்டும்.

கண்டு நிற்கும் விதத்துக்கு ஒரு வார்த்தை. நூல் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றிய கண்டானால் தலைவழியாக வர வேண்டும்: படுக்கைக் கம்பியிலோ, மெஷினுக்குப் பின்னால் தனி ஸ்டாண்டிலோ. வரிவரியாக இணையாகச் சுற்றிய கண்டு செங்குத்துக் கம்பியில் நின்று, தான் சுழன்று, பக்கவாட்டில் நூலை விட வேண்டும். இதை மாற்றி வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும் அல்லது இறங்கும். ஊசிக்கு மேலே நூல் சுருண்டு நின்றால் இதுதான் காரணம். பெரிய கோன் வாங்குகிறவர்கள் ஸ்டாண்டுக்கும் சேர்த்துச் செலவழித்தே ஆக வேண்டும்.

கைத்தையலுக்கென்று விற்கும், மெழுகோ கஞ்சியோ ஏற்றிய க்வில்டிங் நூலை மெஷினில் போடாதீர்கள். பூச்சு உரிந்து, மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்குள் படியும். அதற்குப் பிறகு போடும் நல்ல நூலும் கோளாறு செய்யும்.

அடியில் மேல் நூல் புள்ளியாக, அல்லது மேலே பாபின் நூல் புள்ளியாகத் தெரிகிறது

இரண்டு நூலும் பேட்டிங்குக்குள் சந்திக்க வேண்டும். மேல் நூல் அடியில் எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் போதவில்லை. பாபின் நூல் மேலே வந்தால் மேலே அதிகம். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. நூல் மாறினால் ஏன் மாறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எண்ணை முன்கூட்டியே ஊகிக்கலாம். தடித்த நூலை டென்ஷன் தட்டுகள் கெட்டியாகப் பிடிக்கும். அதனால் 50-லிருந்து 30-க்குப் போனால் மேல் டென்ஷனைக் குறையுங்கள். ரேயான், எம்பிராய்டரி பாலியஸ்டர் போன்ற வழுக்கும் நூல்கள் தட்டுகளுக்குள் நழுவும். கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கலாம். காட்டன் சொரசொரப்பு, அதனால் வைத்த இடத்தில் நிற்கும். பழகுகிறவர்களுக்குக் காட்டனை எல்லோரும் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு எண் மாற்றுங்கள், ஒரு சாண் தைத்துப் பாருங்கள். எண்ணே இல்லாத கறுப்பு மெஷினில் திருகைக் கால் சுற்று.

வளைவுகளில் மட்டும் அடியில் கண்ணி கண்ணியாக நூல் நீட்டிக்கொண்டிருந்து, நேர்கோட்டில் சரியாக இருந்தால், டென்ஷனைத் தொடாதீர்கள். வளைவில் கை வேகம் கூடுகிறது, மோட்டார் பின்தங்குகிறது. தையல் முடியும் முன் துணி நூலை ஓரமாக இழுத்துவிடுகிறது. பெடலில் கால் அழுத்தம் அப்படியே இருக்கட்டும், கையை மட்டும் நிதானமாக்குங்கள்.

மேலே தளர்த்தத் தளர்த்தவும் பாபின் நூல் எட்டிப் பார்க்கிறதா? இப்போது பாபின் கேஸுக்கு வரலாம். கழற்றும் வகை உலோகக் கேஸ் என்றால் பாபினைப் போட்டு நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். அது அசையாமல் நின்று, கையை லேசாக உதறினால் ஓரிரண்டு அங்குலம் இறங்கி மறுபடி நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் தளர்வு, உதறியும் அசையாவிட்டால் இறுக்கம். திருகைத் திருப்பும் முன் அது நிற்கும் கோணத்தை நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கடிகாரப் பெரிய முள் ஐந்து நிமிடத்தில் நகரும் அளவு, அதற்கு மேல் வேண்டாம். பலவித நூல் போடுகிறவர்கள் இரண்டாவது கேஸ் ஒன்று வாங்கி அதை மட்டும் சோதனைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. பாபினில் 60 வெயிட் மெல்லிய பாலியஸ்டரை நிரந்தரமாகப் போட்டு, மேல் நூலை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது. பாபினில் அதிக நூல் பிடிக்கும், அடிக்கடி சுற்ற வேண்டாம், முடிச்சும் பேட்டிங்குக்குள் எளிதாக மறையும். அடி நூல் நிறத்தை மேல் நூல் நிறத்துக்குக் கிட்டத்தட்ட எடுத்தால் சின்னப் புள்ளிகள் கண்ணுக்கே தெரியாது. கறுப்பு மேலே, வெள்ளை அடியில் என்று வைத்துக்கொண்டு புள்ளியே தெரியக் கூடாது என்று மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

அடியில் கொத்தாக நூல் சிக்குகிறது

அடியில் சிக்கினாலும் காரணம் மேலேதான். டென்ஷன் தட்டுகளுக்குள் நூல் உட்காரவில்லை, அல்லது ஃபுட்டை இறக்க மறந்துவிட்டீர்கள். ஃப்ரீ மோஷன் ஃபுட் (துணியைக் கையால் நகர்த்தித் தைக்கப் போடும் ஃபுட்) இறக்கினாலும் துணியிலிருந்து உயரமாகவே நிற்பதால் இறங்கியிருக்கிறதா என்று பார்வைக்குத் தெரியாது. ஆரம்பத்தில் மட்டும் சிக்கினால், ஒரு தையல் போட்டுப் பாபின் நூலை மேலே இழுத்து, இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள்.

தையல் விட்டுவிட்டு விழுகிறது

ஊசி அடிவரை இறங்கி, கொஞ்சம் மேலே ஏறும்போது அதன் பின்னால் நூல் சிறு வளையமாகப் புடைக்கும். ஷட்டில் அந்த வளையத்தைப் பிடித்தால் தையல், தவறினால் இடைவெளி. வளையம் ஏன் உருவாகாமல் போகிறது என்று தேடுங்கள்.

ஊசி தலைகீழாக மாட்டியிருக்கலாம், முழுக்க மேலே ஏறாமல் இருக்கலாம். எந்த மெஷினானாலும் ஊசியின் நீளப் பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் காதுக்குள் நுழைய வேண்டும். ஃபுட் மிக உயரமாக இருந்தால் ஊசி ஏறும்போது துணியும் சேர்ந்து எழும்பும், வளையம் விழாது. ஃபுட்டைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், விரல்களை ஊசிக்கு அருகில் பரப்பித் துணியைத் தட்டோடு அணையுங்கள். ஒரு திசையில் தள்ளும்போது மட்டும் விடுகிறது என்றால் ஊசி வளைகிறது: கை வேகம் குறைய வேண்டும், அல்லது ஊசி ஒரு அளவு தடிக்க வேண்டும்.

நெருக்கமாக நெய்த பத்திக் துணியில் சாதாரண ஊசி தடுமாறும். மைக்ரோடெக்ஸ் போன்ற கூர் ஊசி போடுங்கள். இவ்வளவுக்கும் பிறகு, பழைய காட்டனுக்குத் திரும்பிய பின்னும் விட்டுப்போகிறதென்றால் டைமிங் (ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரக் கணக்கு) நகர்ந்திருக்கலாம். மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

ஜரிகை நூலும் ஒற்றை இழை நூலும்

இவை இரண்டும் தனி ஜாதி. மெஷின் ஜரிகை நூல் என்பது ஒரு மைய இழையைச் சுற்றிய மெல்லிய பளபளப்புத் தகடு. தகடு உரிந்தால் ஊசிக் காதில் குவிந்து அடைத்து அறுந்துவிடும். டாப்ஸ்டிட்ச் 90 அல்லது மெட்டாலிக் ஊசி, மேல் டென்ஷன் 1 அல்லது 2 வரை இறக்கம், பாபினில் மெல்லிய பாலியஸ்டர், பாதி வேகம். கண்டைத் தள்ளி வைத்தால் முறுக்குகள் மெஷினை அடையும் முன் அவிழ நேரம் கிடைக்கும். நூலுக்கான சிலிக்கோன் திரவத்தைக் கண்டின் மேல் ஒரு கோடு விடுவதும் உதவும். உங்கள் மெஷின் கையேடு அதைத் தடை செய்யவில்லை என்றால்.

புடவைக்கரை நெய்யும் ஜரிகையையும், ஊசிக் காதுக்குள் நுழையவே நுழையாத தடித்த நூல்களையும் ஊசிவழியே அனுப்ப முயல வேண்டாம். பாபினில் கையால் சுற்றி, பாபின் கேஸைத் தளர்த்தி (இதற்குத்தான் அந்த இரண்டாவது கேஸ்), க்வில்ட்டைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்திலிருந்து தையுங்கள். ஜரிகை முகப்பில் படிந்து வரும். கோட்டை அடித்துணியில் வரைந்துகொள்வது மட்டும்தான் கூடுதல் வேலை. இந்த வழியில் வரும் அழகு மேலிருந்து தைத்து வராது என்பது என் கட்சி.

கண்ணுக்குத் தெரியாத ஒற்றை இழை நூலில் நைலான், பாலியஸ்டர் இரண்டும் உண்டு. நைலான் மென்மை, ஆனால் சூட்டுக்குப் பயப்படும், நாளாக ஆக மஞ்சளிக்கும். இஸ்திரி போடும் பொருளென்றால் பாலியஸ்டர். 70 ஊசி, மேல் டென்ஷன் நன்றாகத் தளர்வு. பாபினில் சுற்றுவதானால் மெதுவாக, பாதி அளவுக்கு. வேகமாகச் சுற்றினால் இழை நீண்டு, பிறகு சுருங்கிப் பாபினையே நெரிக்கும். பிளாஸ்டிக் பாபின் புடைத்துப்போகும்.

துணி சுருங்குகிறது, அல்லது பேட்டிங் இழை வெளியே வருகிறது

கோடு நெடுகச் சுருக்கம் விழுந்தால் மேலும் கீழும் இரண்டு டென்ஷனும் இறுக்கம். புள்ளி எதுவும் தெரியாததால் சரியாக இருப்பதாகவே தோன்றும். இரண்டையும் ஒரே அளவு தளர்த்துங்கள். பாலியஸ்டரை வேகமாகப் பாபினில் சுற்றியிருந்தாலும் தைத்த பிறகு சுருங்கும்.

கருந்துணியில் வெள்ளை இழைகள் முளைத்தால் ஊசி மழுங்கியிருக்கிறது, அல்லது தேவைக்கு மேல் தடிப்பு. எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்பது பொதுக் கணக்கு. பேட்டிங்கை ஊசி குத்தும்போது "டப் டப்" என்று சத்தம் வந்தால் அதற்கு முன்பே மாற்றுங்கள். கருந்துணிக்குக் கறுப்பு பேட்டிங் கிடைத்தால் அதையே எடுங்கள்.

நன்றாக ஓடிய நூல் நடுவில் கெடுகிறது

பஞ்சுத் தூசி. காட்டன் நூல் தூசி விடும், மலிவான காட்டன் இன்னும் அதிகம். பாபின் மாற்றும்போதெல்லாம் ஷட்டில் பகுதியைச் சின்னப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊதினால் ஈரம் உள்ளே போகும். எண்ணெய் விடும் வகை மெஷினில் ஷட்டிலுக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகும். டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே ஃபுட்டைத் தூக்கிவிட்டு ஒரு துண்டுத் துணியின் மடிப்பை ஓட்டி எடுங்கள். உள்ளே என்னவெல்லாம் இருந்தது என்று ஆச்சரியப்படுவீர்கள்.

துவைத்த பிறகு தெரியும் கோளாறு

காட்டன் பேட்டிங் முதல் துவையலில் கொஞ்சம் சுருங்கி, க்வில்ட் முழுக்க மெல்லிய மடிப்பு விழும். அது கோளாறில்லை, பலர் விரும்புவதே அந்தத் தோற்றத்தைத்தான். ரேயான் நூல் நனைந்தால் வலுவிழக்கும். அடிக்கடி துவைக்கும் குழந்தைப் போர்வைக்கு வேண்டாம், சுவரில் மாட்டுவதற்குப் போடுங்கள். பாலியஸ்டர் நூல் காட்டன் துணியை அறுத்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. மெல்லிய பாலியஸ்டரைச் சரியான டென்ஷனில் போட்டால் வீட்டுப் பயன்பாட்டுக்கு அது கவலைப்பட வேண்டிய விஷயமே அல்ல.

சாயம்தான் கவனிக்க வேண்டியது. சிவப்பு, கருநீலம், மெரூன் நூல்களை வெள்ளை மேல் போடும் முன் ஒரு முழத்தை வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் சுருட்டி அழுத்தி, காயவிட்டுப் பாருங்கள். கறை பட்டால் அந்தக் கண்டு கருந்துணிக்கு. தைத்து முடித்துத் துவைத்த பிறகுதான் சாயம் இறங்கியது தெரிந்ததென்றால் க்வில்ட்டைக் காயவிடாதீர்கள், இஸ்திரியும் போடாதீர்கள். பெரிய டப்பில் சூடான தண்ணீர் நிறைய விட்டு, பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்து, க்வில்ட் முழுதும் மூழ்கும்படி சில மணி நேரம் ஊற வையுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். நிறம் இறங்குவது நிற்கும் வரைக்கும் இப்படியே.